ஏலத்தில் போன களத்துப் பாட்டு

தேரிவிளை
12 அக்டோபர் 1931

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஞானபாயின் ஸ்தோத்திரம். மழைக்குத் தொண்டை கட்டியிருப்பது தவிர நான் சுகம். உங்கள் வீட்டில் மைனிக்கு முட்டுவலி குறைந்ததா, மகள் குளோரிக்குக் காய்ச்சல் விட்டதா என்று எழுதவும். கொழும்பில் குடையில்லாமல் நடக்க வேண்டாம்.

என் களத்துப் பாட்டு முடிந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு இரண்டு என்று நாலு குரலுக்கும் எழுதி, ஐந்து சரணமும் பாடிப் பார்த்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு கையை விட்டு இறங்கிய பாட்டு. அறுப்புப் பண்டிகைக்கு வயல் உள்ளவர்கள் கதிர் கொண்டுவருவார்கள், கோழி வளர்க்கிறவர்கள் கோழி கொண்டுவருவார்கள். பள்ளிக்கூட வாத்திச்சி எதைக் கொண்டுபோவது? நான் பாட்டைக் கொண்டுபோனேன். நல்ல தாளில் பிரதி எடுத்து, நாடா கட்டி, ஆராதனையில் மேசைமேல் வைத்தேன். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். அப்போது கண் கலங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படைத்ததை வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விடுவது நம் வழக்கம்தானே. பாட்டை மட்டும் தனியே எடுத்து வைப்பார்கள் என்று இருந்தேன். டீக்கன் ஜான்ரோஸ் ஒரு பூசணிக்காயைத் தள்ளிவிட்ட கையோடு என் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சருக்க பாட்டு. புதுசு. யாரு கேக்குதியோ?"

"அவிச்சித் தின்னலாமா ஓய்?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார், அண்ணா. அரைமணிக்கு முன்னால் கைவைத்து ஜெபித்தவர்.

கொப்பரை வியாபாரி ஏசுஅடிமை கேட்டார். அவருடைய மச்சினன் கூட்டிக் கேட்டான். அவர் இன்னும் கூட்டினார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். வாங்கினதைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பது பெரிய மனுஷர்களின் வழக்கம். அதையும் எதிர்பார்த்துக் கொஞ்சநேரம் நின்றேன். அவர் தாளைச் சுருட்டி, வாங்கியிருந்த ஏத்தன் வாழைக்குலைமேல் செருகி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வாழைக்கறை பட்டால் போகாது.

பெண்கள் ஏலத்தில் வாய் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். நம் கொயரில் தாழ்ந்த குரல் பாடும் ரூத்தம்மாள் வந்து கேட்டதற்கு, மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன்.

உங்கள் தங்கை
ஞானபாய்


கொழும்பு
3 நவம்பர் 1931

அன்புத் தங்கை ஞானபாய்க்கு,

அண்ணன் செல்வதாஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே மூவரும் சுகம். மைனிக்கு வலி தேவலை. குளோரி எழுந்து நடமாடி, சமையலும் செய்கிறாள். உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

உன் கடிதத்தை ஆபீசில் படித்தேன். படித்த பிறகு அன்றைக்கு ஒரு கணக்கும் சரியாக வரவில்லை. இது என்ன சபையா, வடசேரிச் சந்தையா? மிஷன் வெள்ளைக்கார மிசியம்மாள் உனக்குச் சுரம் எழுதக் கற்றுக்கொடுத்ததும், வடசேரி மீனாட்சியம்மாள் சொந்த மகளைப்போல் உட்காரவைத்துக் கீரவாணி ராகம் சொல்லிக்கொடுத்ததும், ஏசுஅடிமை குலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகத்தானா? முட்டை வாங்கினவன் கோழிக்கும் சொந்தம் கொண்டாடுவானா? அந்த ஆளை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டைப் பார்த்து எழுதிவிட்டு, என் சிலேட்டில் எச்சில் துப்பி அழித்தவன்.

நீ ஒன்றும் பேச வேண்டாம். அண்ணன் செத்துப்போகவில்லை. போதகருக்கு இந்த வாரமே எழுதுகிறேன். பாட்டு திரும்பி வரும்வரை ஒருத்தருக்கும் ஒரு வரி சொல்லிக்கொடுக்காதே. அந்தப் பாட்டை நீ முன்னால் நின்று நடத்துவதைப் பார்க்காமல் நான் கண்ணை மூடமாட்டேன்.

மைனி உனக்குத் தேயிலை அனுப்பியிருக்கிறாள். தொண்டைக்குச் சுக்கு போட்டுக் குடி, மக்கா.

உன் அண்ணன்
செல்வதாஸ்


தேரிவிளை
9 டிசம்பர் 1931

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞானபாயின் ஸ்தோத்திரம். தேயிலை வந்தது, தொண்டையும் திறந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததில் பாதி வியாதி தீர்ந்தது. போதகருக்கு நீங்கள் எழுதியது மட்டும் இன்னும் வரவில்லையாம். எந்தக் கப்பலில் கிடக்கிறதோ.

சபைக் கமிட்டி கூடியது. ஏலத்தில் போனது எடுத்தவருக்கே பாத்தியம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். "நாளைக்குப் பூசணிக்கா தந்தவனும் திருப்பிக் கேப்பாம்லா?" என்றாராம் ஜான்ரோஸ். அறிவாளி.

ஏசுஅடிமை வாங்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. காலஞ்சென்ற அவருடைய தகப்பனார் கோயிலுக்கு ஓடு போட்டுக் கொடுத்த பெருமையை ஆறாவது சரணமாக எழுதி என் பாட்டின் வாலில் கட்டிவிட்டார். அதில் "நல்ல ஓடு" என்று ஒரு அடி, "வல்ல வீடு" என்று அடுத்த அடி. சோற்றில் கல் கடித்தது போல இருக்கிறது. துப்பவும் இடமில்லை.

கிறிஸ்துமசுக்குப் பாட்டை நடத்தப்போவது அவர் மகன் ததேயுஸ். திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் பாண்டு வாத்தியக்காரர்களோடு இருந்து வந்த பிள்ளை. கையில் பித்தளைப் பூண் போட்ட கோல். நான் பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டுமாம். சொல்லிக்கொடுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். மாட்டேன் என்றால் பள்ளிக்கூட வேலையில் கைவைப்பார்கள், அண்ணா. சொல்லிக்கொடுத்தேன்.

நான் இத்தனை வருஷம் எப்படி நடத்தினேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை ஆண்கள் முன்னால் நின்று கையை உயர்த்தக் கூடாது என்று கமிட்டி சொன்னபடி, பெண்கள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு தென்னை ஈர்க்கிலைப் பிடித்து, மணிக்கட்டு மட்டும் அசைய. நடுவில் பலகை மறைப்பு. ஆண்களுக்கு என் தலைமயிர்கூடத் தெரியாது. பெண்கள் எடுப்பதைக் காதால் கேட்டுத்தான் அவர்கள் எடுப்பார்கள். ததேயுசுக்கு அதெல்லாம் வேண்டாமாம். எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் பெட்டி போட்டு ஏறி நிற்கப்போகிறான். மறைப்பையும் கழற்றப்போகிறார்கள். எனக்காக ஒருநாளும் கழலாத மறைப்பு.

குளோரிக்கு உப்பு தானாக வரும் என்று சொல்லுங்கள்.

ஞானபாய்


தேரிவிளை
6 ஜனவரி 1932

அன்புள்ள அண்ணனுக்கு,

புதுவருஷ ஸ்தோத்திரம். உங்களிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வரவில்லை. வீட்டில் யாருக்காவது சுகமில்லையா? ஒரு கார்டாவது போடவும்.

பாட்டு நடந்தது. என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆண்கள் எப்போதும் தாளத்தில் ஒரு எண்ணிக்கை பிந்தித்தான் எடுப்பார்கள். அதைத் திருத்த முடியாது என்று கண்டபின், அந்தப் பிந்துதலை வைத்தே களத்துப் பாட்டைக் கட்டினேன். பெண்கள் ஒரு இடத்தை விட்டு மேலே போனதும் ஆண்கள் அங்கே வந்து தாங்க வேண்டும். ஆனால் தாளில் இருவருக்கும் ஒன்றாகத்தான் எழுதினேன். ஒரு எண்ணிக்கை தள்ளி எழுதினால் அந்த மகராஜர்கள் இரண்டு எண்ணிக்கை தள்ளி வருவார்கள். அத்தனை வருஷம் அவர்களோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேனே.

ததேயுஸ் ஒத்திகையில் ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் பாடவைத்தான். கிறிஸ்துமஸ் அன்று பெட்டிமேல் ஏறிக் கோலை வீசினான். எல்லோருக்கும் தெரிந்தான். எல்லோரும் ஒன்றாக எடுத்தார்கள். சுரத்தோடு சுரம் முட்டி, தகரக்கடை சரிந்தது போல ஒரு சத்தம். ரூத்தம்மாளும் அவளோடு லேஸ் பின்னுகிற பெண்களும் நூலை எண்ணிப் பழகினவர்கள். விடாமல் எண்ணிக்கொண்டு சரியாகத்தான் போனார்கள். அதனால் சத்தம் இன்னும் மோசமாயிற்று. பிள்ளைகள் காதைப் பொத்தின. மிசியம்மாள் புன்னகையை வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள்.

நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று ஏசுஅடிமை கமிட்டியில் சொன்னார். என்னைக் கொயரிலிருந்து விலக்கிவிட்டார்கள். ததேயுஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். என் பாட்டு அப்படிக் கதறினதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமே இல்லை.

போதகருக்கு எழுதினீர்களா?

ஞானபாய்


கொழும்பு
14 மார்ச் 1932

அன்புத் தங்கைக்கு,

செல்வதாஸ் எழுதுவது. தேவகிருபையால் உயிரோடிருக்கிறோம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்; வேலை அதிகம். மைனிக்கு மறுபடியும் முட்டுவலி. உன் தொண்டை எப்படி?

நடந்ததை அறிந்தேன். வருத்தம்தான். இருந்தாலும் யோசித்துப் பார்த்தால், ஏசுஅடிமை அவர்களும் தேவ நாமத்தின் மகிமைக்காகத்தானே ஏலம் கேட்டார்? அந்தப் பணம் கோயில் மதிலுக்குத்தானே போயிற்று? அவர் கொப்பரை விஷயமாக இங்கே வந்திருந்தபோது நம் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டார். குளோரி வைத்த மீன்குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பார்க்கிறதற்கு முரடர், உள்ளே நல்ல மனுஷர். சின்ன வயதில் நடந்ததையெல்லாம் நாம் மனதில் வைத்திருக்கக் கூடாது. நீயும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், தம்பி ததேயுசுக்குப் பாட்டின் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தால் தலையா போய்விடும்? தாழ்மையினால் ஒரு குறைவும் வராது.

அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று விசாரித்து எழுது.

இனிமேல் எனக்கு எழுதும் கடிதங்களை, ஏசுஅடிமை கொப்பரைக் கிட்டங்கி, கொழும்பு என்ற விலாசத்துக்குப் போடவும்.

செல்வதாஸ்


தேரிவிளை
29 மார்ச் 1932

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். தொண்டைக்கு ஒன்றுமில்லை. பாட வேலை இல்லாததால் நன்றாக ஓய்ந்திருக்கிறது. மைனிக்கு நொச்சியிலை ஒற்றடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். கோடையிலும் வற்றாது. மாமியார் அதிகம் பேசமாட்டாள். பையன் குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். காதுதான் கேட்காது, அதாவது சங்கீதத்துக்கு. குளோரிக்கு அது ஒரு குறையாக இருக்காது. பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்து எழுதிவிட்டேன். கேட்காததற்கும் பதில் எழுதிவிட்டேன்.

மீன் விற்க வருகிற சிலுவை, "ஏக்கா, ஒங்க அண்ணனுக்க மவளுக்கும் கொப்பரைக்காரருக்க மவனுக்கும் பேசி முடிச்சாச்சாமே. அண்ணனுக்கு முன்ன இருந்த வேலை போச்சாமே, அவருதான் கிட்டங்கில சேத்து வச்சிருக்காராமே" என்றாள். நெத்திலியை அளந்துகொண்டே சொன்னாள். எனக்குத் தெரியும் என்று சொல்லி நெத்திலியை வாங்கிக்கொண்டேன்.

வேலை போயிற்று என்று எழுதியிருக்கலாம். என் வளையலைக் கழற்றி அனுப்பியிருப்பேன். பசிக்காக ஒருவனிடம் கைகட்டி நிற்பதை நான் பழிக்கமாட்டேன். நானும் கைகட்டிக்கொண்டுதானே சொல்லிக்கொடுத்தேன்? ஆனால் நீங்கள் தாழ்மையைப்பற்றி எனக்கு உபதேசம் எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் அருவருப்பாக இருக்கிறது. ஏசுஅடிமை தாளைத்தான் எடுத்துக்கொண்டு போனார். மதிலுக்குத்தானே பணம் போயிற்று என்று அவர்கூட என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள்.

போதகருக்கு எழுதினீர்களா என்று இனிக் கேட்கமாட்டேன்.

ஞானபாய்


கொழும்பு
20 ஏப்ரல் 1932

அன்புத் தங்கை ஞானபாய்க்கு,

செல்வதாஸ் எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

நீ எழுதினதற்கெல்லாம் பதில் எழுத எனக்குப் பலமில்லை. கல்யாணம் மே மாதம் கடைசி வாரம், தேரிவிளைக் கோயிலில். நாங்கள் முன்னதாகவே வருகிறோம்.

ஒரு காரியம். மணமக்கள் கோயிலைவிட்டுப் புறப்படும்முன் களத்துப் பாட்டைப் பாட வேண்டும் என்று சம்பந்தி பிடிவாதமாக இருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய உத்தியோகஸ்தர்களை அழைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் போல ஆனால் நான் அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு ஏறுவேன்? "ஒம்ம தங்கச்சி பாட்ட நேராக்கித் தரட்டும், பொறவு தேதி குறிக்கலாம்" என்றார். நான் தேதியைக் குறித்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். மாப்பிள்ளை நடத்த முடியாதல்லவா? நீதான் நடத்த வேண்டும். என் பெண்ணின் வாழ்வு உன் கையில் இருக்கிறது, மக்கா.

குளோரி இதில் இரண்டு வரி எழுதுகிறாள்.

செல்வதாஸ்

அத்தைக்கு ஸ்தோத்திரம். அப்பா சரியாகத் தூங்குவதில்லை. எனக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருக்கிறது, படத்தில் நன்றாக இருக்கிறார். பாட்டைப்பற்றி அத்தைக்கு இஷ்டமானதைச் செய்யுங்கள். எனக்காகச் செய்ய வேண்டாம். குளோரி.


தேரிவிளை
4 மே 1932

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். வரும்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும். மைனிக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடத்துகிறேன். முக்காலியில் உட்கார்ந்து அல்ல. எல்லோருக்கும் முன்னால் நின்று, மறைப்பில்லாமல், கையை எவ்வளவு உயர்த்த வேண்டுமோ அவ்வளவு உயர்த்தி. ஆண்களின் பாகத்தைத் தாளிலும் ஒரு எண்ணிக்கை தள்ளி எழுதிவிட்டேன். இனி என்னைப் பார்த்துத்தானே எடுக்கப்போகிறார்கள்.

கமிட்டி இதைக் கேட்டுக் கத்தியது. ஏசுஅடிமை, "ஒருநாள் தான? நிக்கட்டும்" என்றார். உடனே எல்லோரும் நிற்கட்டும் என்றார்கள். வேதவசனம் காட்டி எனக்கு மறுத்த காரியம், கொப்பரைக்காரர் வாயசைத்ததும் சரியாகிவிட்டது. அந்த ஆட்களைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனாலும் நிற்பேன். ஒத்திகை இன்றைக்கு ஆரம்பம்.

குளோரிக்கு முத்தங்கள். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் எப்படிப் பிறந்தது?

ஞானபாய்


கொழும்பு
17 ஜூன் 1932

ஞானபாய்க்கு,

செல்வதாஸ் எழுதுவது. வந்து சேர்ந்தோம். சுகம்.

சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. என்ன காரியம் செய்துவிட்டாய்? ஐந்து சரணம் வரைக்கும் நானும் ஆண்கள் பக்கம் நின்று அழுதேன். அதை மறைக்கவில்லை. நம் ஆட்களின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு நாதம் வரும் என்று நான் அறியேன். திருவனந்தபுரத்து ஜட்ஜி எழுந்தே நின்றுவிட்டார். அங்கேயே எல்லாம் நல்லபடி முடிந்திருக்க வேண்டும். ஆறாவது சரணத்துக்கு நீ கையை இறக்கினாய். அத்தனை வாயும் மூடிக்கொண்டது. நீ திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

சம்பந்தி பாவம், தொடங்கியிருக்கும் என்று நினைத்துத் தகப்பனார் பேரைப் பாட ஆரம்பித்தவர் நிறுத்தத் தெரியாமல் தனியாகவே ஒரு சரணம் முழுவதும் பாடினார். சுதியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஓடும் வீடும் என் காதை விட்டுப் போகவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். செத்துப்போன தகப்பனுக்காக ஒருவன் நாலு வரி எழுதினான், அவ்வளவுதானே? அதைப் பாடினால் நீ என்ன குறைந்துபோவாய்?

நீ ஒத்துக்கொண்டு செய்தது துரோகம். நல்லவேளை தாலி கட்டியாகியிருந்தது.

செல்வதாஸ்


பேச்சிப்பாறை
30 ஜூலை 1932

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். பேச்சிப்பாறை அணைக்கு மேலே ஒரு ஜெபவீடு, அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், கூரைமேல் எப்போதும் மழை. என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். அட்டை கடிக்கிறது, மற்றபடி சுகம். குளோரி வழியனுப்ப வந்து, மாமனார் பார்க்க என் பெட்டியைத் தானே வண்டிவரை தூக்கிக்கொண்டு வந்தாள். அவளை அங்கே நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏசுஅடிமை அழுதாரா? நான் பார்த்தேன். தகப்பனுக்கு அழ அவருக்குக் கோயில் முழுக்க இடம் இருந்தது. கல்வெட்டு வைக்கலாம், கல்லறையில் பாடலாம், தனியாக ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எழுதியிருப்பேன், அண்ணா, ஓட்டுக்கும்கூட நல்ல வரி எழுதியிருப்பேன். என் பாட்டுக்குள் கைவிட்டுத் தகப்பனை உட்காரவைக்க வேண்டியதில்லை. கையை இறக்குவேன் என்று நான் ரூத்தம்மாளிடம்கூட முன்னதாகச் சொல்லவில்லை. கை இறங்கினால் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் தனியாகப் பாடினது எனக்கும் நன்றாக இல்லை. அதற்காக வெட்கப்படுகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

ஞானபாய்


கொழும்பு
4 மார்ச் 1933

அன்புத் தங்கை ஞானபாய்க்கு,

அண்ணன் செல்வதாஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீண்டநாள் எழுதவில்லை. மைனி எழுதச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். உன் காலில் அட்டைக்கடி ஆறினதா? குளிருக்குக் கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

சந்தோஷ செய்தி. குளோரிக்கு ஆண்பிள்ளை. ஏப்ரலில் தேரிவிளையில் ஞானஸ்நானம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஞானஸ்நானத்துக்குக் களத்துப் பாட்டை நீயே வந்து நடத்தலாம் என்று சம்பந்தி சம்மதித்துவிட்டார். எத்தனை நாள் அவர் பின்னாலேயே நடந்து கேட்டேன் தெரியுமா? நின்றே நடத்தலாம். ஆறாவது சரணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன்னைத் திரும்பத் தேரிவிளைக்கு மாற்றவும் கமிட்டியில் பேசுவார். பாட்டை அச்சடித்து எல்லாச் சபைக்கும் அனுப்பலாம் என்கிறார். தாளின் தலைப்பில் "ஏசுஅடிமை அவர்களின் அனுமதியோடு" என்று ஒரு வரி மட்டும் போட வேண்டும். உன் பேரும் கீழே வரும்.

உனக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்திருப்பாய். இப்போது செய்துவிட்டேன். உடனே பதில் எழுது.

உன் அண்ணன்
செல்வதாஸ்


பேச்சிப்பாறை
20 மார்ச் 1933

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞானபாயின் ஸ்தோத்திரம். கம்பளி வந்தது, நல்ல கம்பளி. கால் ஆறிவிட்டது. பிள்ளைக்கு அத்தைப்பாட்டியின் முத்தத்தைச் சொல்லுங்கள். ஞானஸ்நானத்துக்கு வருவேன். குளோரியின் பக்கத்தில் உட்காருவேன். பாட்டு நடத்தமாட்டேன்.

நீங்கள் கஷ்டப்பட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். அவர் பின்னால் நடந்தேன் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது உங்களை நினைத்து அழுகைதான் வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் அது குமட்டலாகிவிட்டது. என் பாட்டை நான் நடத்த இன்னொருவரின் சம்மதத்தைக் கேட்டு வாங்கி, அதை எனக்குப் பரிசாக அனுப்புகிறீர்கள். உங்களுக்கு அதில் ஒன்றும் கெட்ட வாடை வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் அச்சடிக்கட்டும். கீழே என் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லாச் சபையிலும் பாடட்டும். பாட்டு நன்றாகத்தான் இருக்கும்.

இங்கே மரச்சீனிக் கிழங்கு தோண்டுகிற பெண்களும், மரம் அறுக்கிற ஆண்களும் ஞாயிறுக்கு வருகிறார்கள். பாட வருமா என்று கேட்டேன். "கூப்பிட்டா வாறோம்" என்றார்கள். ஆர்மோனியம் இல்லை. மறைப்பு என்று ஒன்று உண்டு என்பதே இவர்களுக்குத் தெரியாது. முதல்நாள் பழக்கத்தில் நான் உட்காரப் போனபோது ஒரு கிழவர், "நீங்க இருந்தா எங்களுக்குத் தெரியாதே அம்மா, எந்திச்சு நில்லுங்க" என்றார். நின்றேன். அன்று தொடங்கி நிற்கிறேன். மழையையும் அணைத் தண்ணீரையும் வைத்து ஒரு பெரிய பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆறு குரலுக்கு. தேரிவிளையில் இருந்தால் ஆறு குரல் எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு அதைப் பாடுகிறோம். நீங்கள் பிள்ளையைப் பார்க்க வரும்போது அப்படியே மலையேறி வாருங்கள். மைனியால் ஏற முடியாது, அவளை ரூத்தம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். ஆண்கள் பக்கத்தில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். முந்தி நீங்கள் பாடின தாழ்ந்த குரலுக்கு ஆள் குறைவாக இருக்கிறது.

வருவதானால் யாரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு வர வேண்டாம்.

உங்கள் தங்கை
ஞானபாய்